களஞ்சியத்துக்குள் ஒரு களஞ்சியம்

தோட்டத்தில் பாடுபட்டு நாம் வளர்த்த பிள்ளை இன்று பினாங்கில், ஜார்ஜ் டவுனில் தங்கிக் கணினி படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் ஏற்பட்டது முதல் தீவில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. கணினி கற்றவர்க்கு அங்கே வேலை உண்டு என்ற நம்பிக்கையோடு பிள்ளை படிக்கிறது. மூன்று மாதம் கண்விழித்து எழுதிய வேலையை அனுப்புகிறது. ஆசிரியர் திறந்து பார்த்தால் கோப்புறை காலி! இது எப்படி நேர்கிறது? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கணினி நிரல் எழுதுவோர், தாம் செய்யும் மாற்றங்களையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கக் 'கிட்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை உருவாக்கினார். இப்படிப் பதிவோடு கூடிய கோப்புறைக்குக் களஞ்சியம் என்று பெயர். 'கிட்ஹப் டெஸ்க்டாப்' போன்ற செயலிகளில் பொத்தானை அழுத்தியே இந்த வேலையைச் செய்யலாம்.

காலையில் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் பதிவதை நாம் அறிவோம். ஒரு டிவிஷனுக்குத் தனிச் செக்ரோல் இருந்தால், பெரிய ஆபீஸ் ஏட்டில் அந்த ஆட்களின் பெயர்கள் இரா. 'அந்த டிவிஷன் ஏட்டின் 12ஆம் பக்கம் பார்க்க' என்ற ஒரு வரிதான் இருக்கும். டிவிஷன் ஏடு கைக்குக் கிடைக்காதவருக்கு அந்த வரியால் என்ன பயன்?

கிட்டும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதன் ஏடு, முன்னால் புள்ளியிட்ட '.கிட்' என்ற பெயரில் மறைந்திருக்கும். ஒரு களஞ்சியத்தின் உள்ளே இன்னொரு கோப்புறை தனக்கென்று '.கிட்' வைத்திருந்தால், வெளி ஏடு உள்ளே இருக்கும் கோப்புகளைப் பதியாது. 40 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறியை மட்டும் பதியும். வேறொருவர் எழுதிய மாதிரித் திட்டத்தைப் பதிவோடு நகலெடுத்துத் தன் கோப்புறைக்குள் வைத்தால் இது நேரும். முன்பே களஞ்சியமாக உள்ள கோப்புறைக்குள் புதிய களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினாலும் நேரும்.

இதற்கு அடையாளம் உண்டு. செயலியின் மாற்றப் பட்டியலில் கோப்புகள் ஒவ்வொன்றாக வராமல், கோப்புறையின் பெயர் மட்டும் ஒரே வரியாக நிற்கும்.

பதற வேண்டாம். கோப்புகள் பிள்ளையின் கணினியில் அப்படியே இருக்கின்றன. முதலில், முழுக் கோப்புறையையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது, உள் கோப்புறையைக் களஞ்சியத்துக்கு வெளியே நகர்த்தி, அது நீங்கியதைக் 'கமிட்' பொத்தானை அழுத்திப் பதிய வேண்டும். மூன்றாவது, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கணினியை அமைத்து, வெளியே எடுத்த கோப்புறையில் உள்ள '.கிட்'டை மட்டும் நீக்க வேண்டும். வெளிக் களஞ்சியத்தின் '.கிட்'டைத் தொடவே கூடாது. தொட்டால் பழைய பதிவெல்லாம் போய்விடும். நான்காவது, கோப்புறையைப் பழைய இடத்தில் வைத்தால் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் தோன்றும். அவற்றைப் பதிந்து, 'புஷ்' பொத்தானை அழுத்தி அனுப்பலாம்.

உள்ளே இருந்த தனிப் பதிவும் தேவையென்றால், எடுத்து வைத்த நகலில் அது இருக்கும். இரண்டும் வெவ்வேறு வேலைகளானால், ஒன்றுக்குள் ஒன்றாக வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே நல்லது.

பெற்றோர்களே! கணினி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க நம்மால் முடியும். "அனுப்பியதை வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பார்த்தாயா, ஐயா?" மடிக்கணினி பழுதாகும் முன்பே கேட்டுவிட்டால், மூன்று மாத உழைப்பு வீண்போகாது.