வேனில் தூங்கலாம், ரோட்டில் தூங்கலாமா?

கார்த்திகை பிறந்தால் திண்டுக்கல் ரோடுகளில் வேன்கள் பெருகிவிடும். சபரிமலை செல்லும் வண்டிகள் தேனி, குமுளி வழியைப் பிடிக்க இங்கேதான் திரும்பியாக வேண்டும். தை மாதம் பழனி பாதயாத்திரைக் கூட்டத்தின் பின்னால் அரிசி மூட்டையும் அடுப்பும் ஏற்றிய மினி லாரிகள் வரும். கோடையில் கொடைக்கானல் கூட்டம். இவற்றோடு படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த கேரவன்களும் இப்போது சேர்ந்துகொண்டன. ஷூட்டிங் நடக்கும் இடத்தில் மட்டும் வேடிக்கை பார்த்த வண்டி, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாகிவிட்டது. ராத்திரி அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம்.

சாலை வரி கட்டிய வண்டி. ரோட்டோரம் நிறுத்தித் தூங்க எனக்கு உரிமை இல்லையா?

சாலை வரி, சாலையில் வண்டியை ஓட்டுவதற்கான வரி. அதற்குள் இரவு வாடகை அடங்காது. அதே சமயம், நிறுத்திய வண்டிக்குள் தூங்குவதைக் குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. வண்டி நிற்கும் இடத்தையும் விதத்தையும்தான் அது பார்க்கிறது. 122-வது பிரிவின்படி, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ, இடைஞ்சலோ, மிகுந்த அசௌகரியமோ உண்டாகும்படி வண்டியை நிறுத்தக் கூடாது. உண்டாக வாய்ப்பிருந்தாலே போதும், தவறுதான். வண்டியிலிருந்து கழற்றி நிறுத்திய டிரெய்லருக்கும் இது பொருந்தும்.

பத்து மணி நேரம் வரை நிறுத்தலாம் என்று டிரைவர்கள் சொல்கிறார்களே?

சட்டத்தை அரைகுறையாகக் கேட்டதால் வந்த வினை இது. 127-வது பிரிவில் பத்து மணி நேரம் என்ற கணக்கு இருப்பது உண்மை. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் கிடக்கும் வண்டியை, சீருடையில் உள்ள காவல் அதிகாரி இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ உத்தரவிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. போலீசுக்குக் கொடுத்த அதிகாரத்தைத் தனக்குக் கிடைத்த அனுமதி என்று டிரைவர் எடுத்துக்கொள்கிறார். அதே பிரிவு, நோ பார்க்கிங் இடத்தில் நிற்கும் வண்டிக்கு இந்தப் பத்து மணி நேரத்தைத் தரவில்லை. போக்குவரத்துக்கு ஆபத்தாகக் கைவிடப்பட்டு நிற்கும் வண்டியை உடனடியாகவே அகற்றலாம். இழுத்துச் சென்ற செலவு உரிமையாளர் தலையில், அபராதம் தனி.

"நான்தான் உள்ளே இருக்கிறேனே, ஆளில்லாத வண்டி எப்படி ஆகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது பத்து மணி நேரக் கணக்கிலிருந்து மட்டும்தான் காப்பாற்றும். இடைஞ்சல் என்ற குற்றச்சாட்டு அப்படியே நிற்கும்.

கேரவன்கள் மலிந்த ஜெர்மனியில், இழுக்கும் வண்டி இல்லாமல் டிரெய்லரை மட்டும் ரோட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் கேரவனுக்கென்று அப்படி ஒரு வரி கிடையாது. எல்லா வண்டிக்கும் உள்ளதுதான் அதற்கும்.

நகருக்குள் எங்கெல்லாம் நிறுத்தவே கூடாது?

2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் பெரிய பட்டியலே தருகின்றன. நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பஸ் நிறுத்தத்தின் அருகே, பள்ளி, மருத்துவமனை வாசல், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டில், சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை என்று நீள்கிறது அது. மணிக்கூண்டையும் ரத வீதிகளையும் அறிந்தவர்களுக்கு, அந்த 50 மீட்டரை டேப் வைத்து அளந்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று தெரியும். டூவீலருக்கே இடமில்லாத தெருவில் கேரவனைக் கொண்டுவந்து சொருகுவது வீண் வேலை. நகருக்குள் சாமான் வாங்க வேண்டுமென்றால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் வந்து போவதே மேல்.

என் வீட்டு வாசலில் நிறுத்தினால் யார் கேட்பார்கள்?

பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். காம்பவுண்டுக்கு வெளியே உள்ள தெரு உங்களுடையது அல்ல. மாதக்கணக்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த வண்டி மேலே சொன்ன 127-க்குள் நேராக வந்து விழும்.

நான்கு வழிச்சாலை ஓரம் அகலமாக இருக்கிறதே, அங்கே நிறுத்தலாமா?

கூடாது. மதுரை, கரூர் பக்கம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓரப்பகுதி என்பது பழுதான வண்டி ஒதுங்குவதற்கு. நள்ளிரவில் கண் அசந்த லாரி டிரைவருக்கு, ஓரத்தில் நிற்கும் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. பின்னால் வந்து மோதும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. பழுதாகி நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பார்க்கிங் லைட்டையும் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, ஆட்கள் இறங்கி ரோட்டை விட்டு விலகி நிற்க வேண்டும். தூங்குவதற்கு லாரிகள் ஒதுங்கும் இடம், அனுமதி கேட்டுப் பெட்ரோல் பங்க், அல்லது வாகன நிறுத்தம் உள்ள லாட்ஜ், மண்டபம். இருநூறு, முந்நூறு கேட்டால் கொடுத்துவிடுங்கள். தண்ணீரும் கழிப்பறையும் அதிலேயே கிடைத்துவிடும்.

வண்டிக்குள் சமைக்கலாமா? ஏ.சி.க்கு ஜெனரேட்டர் ஓடவிடலாமா?

அபராதத்தைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், தேசிய நெடுஞ்சாலை ஓரம் நின்ற ஒரு கேரவன் நீண்ட நேரமாக நகராததைக் கவனித்து ஊர்க்காரர்கள் தகவல் சொன்னார்கள். உள்ளே இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. கண்ணாடியை இறுக மூடி, எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. தரையில் சின்ன ஓட்டை இருந்தாலும் புகை அதன் வழியே ஏறும்.

அடுப்பு விஷயத்தில் நமக்கு மதுரையே பாடம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தனர். விதியை மீறிச் சிலிண்டரை உள்ளே ஏற்றியிருந்தார்கள். அது ரயில் பெட்டி, நம்முடையது வேன் என்று ஆறுதல் அடைய வேண்டாம். வேனில் இறங்கி ஓட இருப்பது ஒரே கதவு. சமையலைக் கீழே இறங்கி, ரோட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை மூடிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கழிவுத் தொட்டி நிறைந்தால்?

சாலையோரச் சாக்கடையிலோ கண்மாயிலோ திறந்துவிடக் கூடாது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைத்து எடுக்கச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, பெட்ரோல் பங்க் கழிப்பறையைப் பயன்படுத்துவது. பங்கில் கழிப்பறை இருந்தாக வேண்டும், அதற்குக் காசு கேட்கவும் கூடாது.

பழைய டெம்போ டிராவலரைப் பட்டறையில் கொடுத்துக் கேரவன் ஆக்கலாமா?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் சீட்டைக் கழற்றாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்ற 52-வது பிரிவு இடம் தரவில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கேரவன்களுக்கென்று தரக் கட்டுப்பாடே தனியாக உண்டு. அதன்படி சான்று பெற்றுக் கட்டித் தருபவரிடம் போவதே பாதுகாப்பு. இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவதும் எடுப்பதும் வேறு வம்பு. பர்மிட் இல்லாமல் ஓடியதற்கு அபராதமே 10,000 ரூபாய்.

கேரவனில் கொடைக்கானல் ஏறலாமா?

இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு மலைப்பாதையில் 2024 நவம்பர் 18 முதல் தடை. சாதாரண கேரவன் இந்த நீளத்துக்குள் அடங்கிவிடும் என்றாலும், வத்தலக்குண்டு தாண்டிய வளைவுகளில் ஓரம் கட்டித் தூங்கும் எண்ணம் வேண்டாம்.

மாட்டினால் எவ்வளவு?

தவறான இடத்தில் நிறுத்தியதற்கு முதல் முறை 500 ரூபாய், திரும்பவும் என்றால் 1,500 ரூபாய் வரை. பொது வழியை மறித்தார் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் வழக்குப் போட்டால் 5,000 ரூபாய் வரை போகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது வெறும் 200 ரூபாயாக இருந்தது.

பாதயாத்திரை வண்டிகளுக்கு விலக்கு உண்டா?

சட்டத்தில் இல்லை. தைப்பூச நாட்களில் போலீசார் தற்காலிகமாக ஒதுக்கும் இடங்களுக்குக் கட்டுப்பட வேண்டியதுதான். செட்டிநாட்டு நகரத்தார் காவடி நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போவது பல தலைமுறை வழக்கம். அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்கு வழியோரச் சத்திரங்கள் இருந்தன. இன்று பத்து மடங்கு வண்டி வருகிறது, ஒதுங்க இடம்தான் இல்லை. வண்டிகள் நிற்க இடம் குறிக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு அரசுக்கும் அது அதிகாரம் அளிக்கும் அமைப்புக்கும் தந்திருக்கிறது, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு. கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்து, வாகமனில் நிறுத்துமிடம் திறந்துவிட்டது. இங்கே அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். பழனி ரோட்டில் ஒன்று, வத்தலக்குண்டு ரோட்டில் ஒன்று. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, விளக்கு, கழிவுநீர் இறக்க ஒரு தொட்டி, அதற்கு ஒரு கட்டணம். மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் வரும் கார்த்திகைக்கு முன் இதைச் செய்து தர வேண்டும்.