பந்தி வஞ்சனை

விமான நிலைய லவுஞ்சில் சோறு யாருக்கு? 1939இல் நியூயார்க் லாகார்டியாவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதைத் தொடங்கியபோது அழைக்கப்பட்ட பிரமுகர்களுக்கு மட்டும்தான். இன்று இந்தியாவில் அழைப்பின் இடத்தை வங்கி அட்டை பிடித்துக்கொண்டது. பெயருக்கு இரண்டு ரூபாய் தேய்த்துவிட்டு உள்ளே போனவர், 'சும்மாதானே கிடைக்குது' என்று பசியில்லாத நேரத்திலும் இட்லிக்குப் பக்கத்தில் பிரியாணியை அடுக்குகிறார். சும்மா எங்கே கிடைக்கிறது? மீதியை வங்கி கட்டுகிறது. 2024 முதல் பல வங்கிகள் முந்தைய மூன்று மாதச் செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கின்றன. தின்பதற்கு முன் நுகர்ந்து காட்டியிருக்க வேண்டும். வெளியே, 100 மில்லி விதியில் தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்த வளைகுடாத் தொழிலாளி புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். இருவருக்கும் ஒரே விமானம்தான். பந்திதான் வேறு.