மூணாவது வரியில் யார்?

இன்னைக்கு லிஸ்ட்பாக்ஸ் கதை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பட்டறைக்கு, விண்டோஸ் ஃபார்ம்ஸில் டெஸ்பாட்ச் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். ஸ்டோர்ஸ் பார்க்கிற அக்கா லிஸ்ட்டில் ஆர்டரை செலக்ட் பண்ணி ‘அனுப்பு’ அழுத்துவாங்க. ஒருநாள் ஆவடிக்குப் போக வேண்டிய பெட்டி பூந்தமல்லிக்குப் போயிடுச்சு. திட்டு வாங்கினது அவங்க, தப்பு என்னோடது.

அக்கா தொட்டது மூணாவது வரி. லிஸ்ட்பாக்ஸ் 0-லிருந்து எண்ணும், அதனால் செலக்டட்இண்டெக்ஸ் 2. நான் அந்த 2-ஐ மட்டும்தான் ஞாபகம் வெச்சேன். அதுக்குள்ள மேலே புது ஆர்டர் ஒண்ணு வந்து, லிஸ்ட் ரெஃப்ரெஷ் ஆச்சு. திரும்ப 2-ஐயே செலக்ட் பண்ணினேன். ரேஷன் கடை கியூவில் ‘மூணாவது ஆள்’னு அடையாளம் வெச்சா, முன்னாடி ஒருத்தர் புகுந்ததும் ஆள் மாறிடும் இல்லையா? அதேதான்.

என்ன செய்யணும்? ஆர்டர் எண்ணை வேல்யூமெம்பர் ஆக்குங்க. ரெஃப்ரெஷுக்கு முன்னாடி செலக்டட்வேல்யூவை எடுத்து வைங்க, அப்புறம் அதையே தேடி செலக்ட் பண்ணுங்க. அந்த ஆர்டர் இல்லைன்னா இண்டெக்ஸை -1 ஆக்குங்க. அப்போ எதுவுமே செலக்ட் ஆகியிருக்காது, ‘அனுப்பு’ பட்டனையும் அணைச்சிடலாம்.

ஒரு எச்சரிக்கை: டேட்டாசோர்ஸ் கொடுத்ததுமே லிஸ்ட்பாக்ஸ் முதல் வரியைத் தானே செலக்ட் பண்ணிக்கும், ஈவன்ட்டும் வரும். அது யூசர் தொட்டது இல்ல. லோட் முடியற வரைக்கும் ஒரு ஃப்ளாக் வெச்சு அதைக் கண்டுக்காம விடுங்க.

அக்காகிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்போ ‘அனுப்பு’ அழுத்தினா, ஆர்டர் எண்ணையும் ஊரையும் காட்டிக் கேட்டுட்டுதான் அனுப்புது.