நீரில் ஒளியும் உலோகம், நிறத்தில் சிக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு இது. இந்த மலை ஓடைகளின் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். ஆனால் காட்டை விட்டு இறங்கி, ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த சமவெளிக்கு வந்த பிறகு, தெளிவை மட்டும் நம்பிக் குடிக்க முடியாது.

பக்கத்துச் சிவகாசியில் பட்டாசு எரியும் நிறம் பார்த்தே அதிலுள்ள உலோகத்தைச் சொல்வார்கள்: ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, தாமிரம் நீலம். நெருப்பில் பளிச்சென்று தெரியும் உலோகம், தண்ணீரில் சிறிதளவு கரைந்திருந்தால் கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாது. இந்தியக் குடிநீர்த் தரம் ஒரு லிட்டருக்கு ஈயம் 10 மைக்ரோகிராம், பாதரசம் 1 மைக்ரோகிராம் என வரம்பு வைக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதரசம் நரம்புகளைத் தாக்கும். இவ்வளவு சிறிய அளவை அளக்கும் கருவிகள் பெரிய ஆய்வகங்களில்தான் உள்ளன.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் நிறம் மாறும் கலப்புப் பொருட்கள். நுண்துளைகள் நிறைந்த சிலிக்காவில் கரிமச் சாய மூலக்கூறுகளைப் பிணைத்து இவற்றைச் செய்கிறார்கள். ரோடமைன் சாயத்தின் சில வகைகளில், மூலக்கூற்றின் ஒரு வளையம் மூடியிருக்கும்வரை நிறமே இல்லை. தாமிர அயனியோ பாதரச அயனியோ பற்றியதும் வளையம் திறந்து இளஞ்சிவப்பு தோன்றும். தனிச் சாயம் நீரோடு கரைந்து போய்விடலாம். சிலிக்காவோ அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. துளைகளின் பரப்பு பெரிது என்பதால் சாயமும் நிறையத் தங்குகிறது. சிலவற்றைக் கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம்.

தங்கத்தின் நானோ துகள்களிலும் இந்த வித்தை உண்டு. தனித்தனியாக மிதக்கும்போது அவை சிவப்பு. குறிப்பிட்ட அயனி வந்து அவற்றை நெருங்கச் சேர்த்தால் ஊதாவாகவும் நீலமாகவும் மாறும்.

குறைகளும் உண்டு. ஒரு உலோகத்துக்கு வைத்த பொறியில் இன்னொன்று சிக்கலாம். கலங்கல் நீர் நிறத்தை மறைக்கலாம். ஆகவே நிறமாற்றம் முதல் எச்சரிக்கை மட்டுமே; முடிவை ஆய்வகம்தான் உறுதி செய்ய வேண்டும்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்கள் என்ற கணக்கில் நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்படுகிறது. இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றை அவர்களே பார்த்துவிடுகிறார்கள். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் நம்பகமான, மலிவான நிறப்பட்டைகள் அந்தப் பெட்டிக்குள் வர வேண்டும். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் போன்ற உள்ளூர்க் கல்வி நிலையங்கள் இந்த ஊர்களின் கிணற்று நீரிலேயே அவற்றைச் சோதித்துத் தர வேண்டும். தான் குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறிவது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை.