தினமும் 1 கோடி லிட்டர் சாக்கடை! விழுப்புரம் தண்ணீர் எங்கே போகுது?

காலையில் குளிக்கிறோம். பாத்திரம் கழுவுகிறோம். துணி துவைக்கிறோம். கக்கூசில் இரண்டு வாளி ஊற்றுகிறோம். அதோடு நம் வேலை முடிந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போகுது?

விழுப்புரம்வாசிகள் இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். காரணம், இந்த நகருக்குக் குடிநீர் தரும் ஆறு தென்பெண்ணை. ஆற்றுப்படுகையில் கிணறு தோண்டி, மோட்டார் வைத்து நகருக்கு ஏற்றுகிறார்கள். ஆறு கெட்டால் குழாயும் கெடும்!

866 லாரி!

2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகர மக்கள்தொகை 96 ஆயிரத்து 253. பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்குத் தினம் 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசு அளவு. அதில் 5-ல் 4 பங்கு கழிவாகத் திரும்பும் என்பது என்ஜினீயர்கள் கணக்கு.

பெருக்கிப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 1 கோடியே 4 லட்சம் லிட்டர்! 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பிடித்தால் 866 லாரி. திண்டிவனத்துக்கு (72 ஆயிரத்து 796 பேர்) இதே கணக்கில் 78 லட்சம் லிட்டர். இது அந்த ஆண்டு ஜனத்தொகைக்கு. இப்போது இன்னும் கூடும்.

கிருமியே வேலைக்காரன்

விழுப்புரத்தில் காகுப்பம், எருமணந்தாங்கல் பகுதிகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. இதுபோன்ற நிலையங்களில் என்ன நடக்கிறது?

முதலில் கம்பி வலை. துணி, பிளாஸ்டிக் அதில் சிக்கும். அடுத்த தொட்டியில் மணல் படியும். பிறகு தண்ணீருக்குள் காற்றைச் செலுத்துவார்கள். காற்று கிடைத்ததும் ஒருவகைக் கிருமிகள் பெருகி, அழுக்கைத் தின்னும். தின்ற மிச்சம் சேறாகி அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரில் குளோரின் கலப்பார்கள்.

கரண்ட் இல்லாமல் காற்று நெடுநேரம் நின்றால் போச்சு. அழுக்கைத் தின்னும் கிருமிகள் சாகும். சாக்கடை சாக்கடையாகவே வெளியேறும்!

தண்ணீரின் யோக்கியதையைச் சொல்லும் அளவு 'பி.ஓ.டி.'. பச்சைச் சாக்கடையில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைகூட இருக்கும். நிலையத்தை விட்டு வெளியேறும் நீரில் 10-க்கு மேல் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டது. ஆற்றில் குளிக்க 3-க்குள் இருக்கணும்.

குழாயில் வந்தால்தானே?

விஷயம் இங்கேதான். எத்தனை கோடி கொட்டி நிலையம் கட்டினாலும், குழாய் வழியாக வந்த கழிவைத்தான் அது சுத்தம் செய்யும். இணைப்பு வாங்காமல் மழைநீர் வாய்க்காலில் விட்ட கழிவு அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. இருட்டில் செப்டிக் டேங்க் லாரி ஏரியோரம் திறந்துவிட்ட கழிவும் அப்படித்தான். வாய்க்கால், ஏரி, கடைசியில் ஆறு. பூமியில் இறங்கினால் போர்வெல்!

திண்டிவனத்தில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருத்தெருவாகத் தோண்டி, ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டுக்கு வீடு இணைப்பு தரவில்லை என்றால் அந்தப் பாடெல்லாம் வீண்.

மேலே பெங்களூர், கீழே கடலூர்

தென்பெண்ணை நந்தி மலையில் பிறக்கிறது. பெங்களூர்க் கழிவு அதில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்குவதைப் பலமுறை படத்தில் பார்த்தோம். 'அக்கிரமம்' என்று கொதித்தோம். கொதித்தது நியாயம்தான். ஆனால் ஆறு நம்மோடு நிற்கவில்லை. நம்மைத் தாண்டிக் கடலூர் பக்கம் போய்த்தான் கடலில் சேர்கிறது. அங்கே இருப்பவர்கள் நம்மைப் பார்த்து என்ன சொல்வார்கள்?

செலவு அதிகமில்லை

ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலைய வாசலிலும் ஒரு கரும்பலகை போதும். இன்று வந்த கழிவு எவ்வளவு, வெளியேறிய நீரின் பி.ஓ.டி. எவ்வளவு என்று சாக்பீசால் தினமும் எழுதட்டும். வரி கட்டுகிறவன் படித்துத் தெரிஞ்சுக்கட்டும்.

சாக்பீஸ் வாங்க நகராட்சிகளுக்கு மனசு வருமா?