பள்ளிக்கூடக் கடிதமும் பதினைந்து நாட்களும்

போன இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, ஸ்காபரோவில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருக்கும் ஒரு தாய் இரண்டு கடதாசிகளோடு வந்து கதவைத் தட்டினார். வன்னியில் பிறந்தவர். கனடாவுக்கு வந்து இரண்டு வருடம். இரவு வேலைக்குப் போகிற அவசரம் முகத்தில் தெரிந்தது. "அக்கா, இதுகளில எங்க கையெழுத்து வைக்கிறதெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

ஒன்று, வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பீட்சா வாங்குவதற்கான படிவம். மற்றது, நான்காம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனை விசேட கல்வி வகுப்புக்கு மாற்றுவதென்று எடுக்கப்பட்ட தீர்மானம். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கடதாசி. இரண்டின் அடியிலும் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. தீர்மானம் எடுத்த கூட்டத்துக்கான அழைப்பும் முன்பே வந்திருந்தது. அது அவருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் கிடந்தது. அது என்னவென்று மகனிடம் கேட்டிருக்கிறார். "ஏதோ மீற்றிங்காம் அம்மா, போகத் தேவையில்லை" என்றிருக்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் என்ன விளங்கும்?

அந்தத் தாய் பொறுப்பில்லாதவர் அல்ல. மகனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் நித்திரைக்குப் போகிறவர். ஆங்கிலக் கடிதம் என்றவுடன் அவருக்குள் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. நம்மில் பலருக்கும் அது உண்டு. அந்தக் கூச்சத்தால் பிள்ளையின் உரிமை கைநழுவிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேசாமல் இருந்தாலும் முடிவு நடக்கும்

ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பிள்ளைக்கு விசேட கல்வி தேவையா, எந்த வகுப்பில் வைப்பது என்பதைத் தீர்மானிக்க ஒரு குழு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதை ஐ.பி.ஆர்.சி. என்பார்கள். அது நடக்கவேண்டிய முறையை 181/98 என்ற ஒழுங்குவிதி சொல்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கூட்டத்தில் பெற்றோர் இருக்கலாம், பேசலாம், தமக்காகப் பேச ஒருவரை அழைத்துப் போகலாம்.

தீர்மானம் பிடிக்கவில்லை என்றால், அது கையில் கிடைத்து 15 நாட்களுக்குள் குழுவை மறுபடியும் கூட்டும்படி கேட்கலாம். அல்லது 30 நாட்களுக்குள் எழுத்தில் மேன்முறையீடு செய்யலாம். இரண்டாம் கூட்டத்தின் முடிவும் சரியில்லை என்றால், அதன்பின் மேன்முறையீட்டுக்கு 15 நாட்கள் உண்டு.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. கையெழுத்து வைக்காமல் விட்டால் ஒன்றும் நடக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. மேன்முறையீடு செய்யாமல் அந்தக் காலம் கடந்துவிட்டால், உங்கள் கையெழுத்து இல்லாமலே கல்விச்சபை அந்தத் தீர்மானத்தை நடைமுறைப்படுத்தலாம்.

அந்தத் தாய்க்குக் கடிதம் கிடைத்து ஆறு நாட்கள் ஆகியிருந்தன. ஒன்பது நாட்கள் மிச்சம். என் சமையலறை மேசையிலேயே இருவரும் இருந்து மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதினோம்: தீர்மானத்துக்கு உடன்படவில்லை, குழுவை மீண்டும் கூட்டுங்கள், தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும். அவர் கையெழுத்திட்டுத் திகதியும் போட்டார்.

இரண்டாம் கூட்டத்துக்கு உரைபெயர்ப்பாளர் வந்தார். "பிள்ளையின் படிப்பைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது ஏதாவது உண்டா?" என்று கேட்டபோது அந்தத் தாய் சொன்னார்: நாட்டைவிட்டு வெளிக்கிட்டு இங்கே வந்து சேரும்வரை, வழியில் தங்கிய ஒன்றரை வருடம், மகன் பள்ளிக்கூடமே போகவில்லை. அறையில் இருந்த ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அதுவரை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்ல வழியிருக்கவில்லை. படிப்பு இடையில் அறுந்துபோய் வரும் பிள்ளைகளுக்கென்று ஒன்ராறியோவில் ஈ.எல்.டி. என்றொரு தனி ஆங்கில எழுத்தறிவு உதவித் திட்டம் இருக்கிறது. முதலில் அதைக் கொடுத்துப் பார்ப்பதென்று முடிவானது.

விசேட கல்வி என்பது வெட்கப்படவேண்டிய ஒன்றல்ல. உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. அதைப் பெற்றோர் தாமாகவே எழுத்தில் கேட்டாலும் அதிபர் அந்தக் குழுவுக்கு அனுப்பியே ஆகவேண்டும். ஆனால் ஆங்கிலம் வராததையும் கற்றலில் உள்ள குறைபாட்டையும் ஒன்றாகக் குழப்பிவிடக்கூடாது. அந்த வேறுபாட்டைக் காட்டக்கூடிய தகவல் தாய் தகப்பனிடம்தான் இருக்கிறது.

பிள்ளையை உரைபெயர்க்க விடாதீர்கள்

பெற்றோர் சந்திப்பில் பிள்ளையே நடுவில் நின்று ஆசிரியர் சொல்வதைத் தமிழில் சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தன்னைப் பற்றிய முறைப்பாட்டை எந்தப் பிள்ளை முழுதாகச் சொல்லும்? பொய் சொல்லவேண்டும் என்றில்லை. பயத்தில் பாதியை விழுங்கிவிடும். இன்னும் சில பிள்ளைகள் அம்மாவுக்குக் கவலை வரக்கூடாதென்று மறைப்பார்கள். வகுப்பில் அடிவாங்கும் பிள்ளை, கேலிக்கு ஆளாகும் பிள்ளை, அதைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

சிறுவர் பாதுகாப்புச் சங்கம் சம்பந்தப்பட்ட விடயம் என்றால் இது இன்னும் பாரதூரமானது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதென்று சந்தேகம் வந்தால் ஆசிரியர்கள் அறிவித்தே ஆகவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அப்படியொரு பேச்சில் ஒரு சொல் பிழைத்தாலும் குடும்பம் படாத பாடு படும். பிள்ளையையோ சொந்தக்காரரையோ வைத்து அங்கே பேசாதீர்கள். உரைபெயர்ப்பாளர் வந்தபின்தான் பேசுவேன் என்று சொல்லுங்கள்.

உரைபெயர்ப்பாளரைக் கேட்பது எப்படி?

ரொறன்ரோ வட்டாரத்தில் தமிழர் பெருந்தொகையாக வாழத் தொடங்கி நாற்பது வருடங்கள் ஆகின்றன. தமிழ் உரைபெயர்ப்பாளர் இங்கே அரிதான ஆட்கள் அல்ல. கல்விச்சபைகள் அவர்களை ஒழுங்குசெய்து தரும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அதுவும் சில நாட்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும். சந்திப்புக்கான நேரத்தைக் குறித்து அனுப்பும்போதே அந்தக் கடதாசியில் எழுதிவிடுங்கள். தொலைபேசியில் என்றால் இந்த ஒரு வசனம் போதும்: "ஐ நீட் எ தமிழ் இன்ரேப்பிரிற்றர், பிளீஸ்." பிறகு பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சொல்லுங்கள்.

பல பள்ளிக்கூடங்களில் செற்றில்மென்ற் வேர்க்கர் என்ற குடியேற்றப் பணியாளர் இருப்பார். புதிதாக வந்த குடும்பங்களுக்குக் கடிதத்தை விளங்கப்படுத்துவது, படிவம் நிரப்புவது, ஆசிரியரோடு பேச வழிசெய்வது அவர் வேலை. இதற்குப் பணம் இல்லை. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 211 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். தமிழ் என்று சொன்னால் உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

விசா இல்லை, அகதிக் கோரிக்கை முடியவில்லை என்று பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்த ஒருவரை, அவரோ பெற்றோரோ சட்டபூர்வ அனுமதியின்றி கனடாவில் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காகப் பள்ளிக்கூடம் மறுக்க முடியாது.

ரிப்போர்ட் கார்டை எங்கிருந்து வாசிப்பது?

நாம் நேரே புள்ளிக்குப் போவோம். ஊரில் பழகிய பழக்கம் அது. இங்கே முதற்பக்கத்தில் தொடங்குங்கள். பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலைசெய்தல், சேர்ந்து வேலைசெய்தல், முன்முயற்சி, தன்னைக் கட்டுப்படுத்தல் என்று ஆறு விடயங்களுக்கு அங்கே எழுத்துகள் இருக்கும். ஈ என்றால் மிக நன்று, ஜி என்றால் நன்று, எஸ் என்றால் போதுமானது, என் என்றால் திருந்த வேண்டும். என் என்ற எழுத்தைக் கண்டால் ஆசிரியரைச் சந்திக்க நேரம் கேளுங்கள்.

அடுத்து, பாடங்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஐ.இ.பி. என்ற பெட்டியில் அடையாளம் இருந்தால், பிள்ளை தனக்கென எழுதப்பட்ட கல்வித் திட்டத்தின்படி படிக்கிறது என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் பி எடுத்திருக்கிறது என்று நாம் சந்தோஷப்படுவோம். ஆனால் அந்த பி மூன்றாம் வகுப்புப் பாடத்துக்குரியதாக இருக்கலாம். "இந்தப் புள்ளி எந்த வகுப்பு மட்டத்துக்கு?" என்று கேளுங்கள். அந்தத் திட்டத்தின் பிரதி உங்களுக்குத் தரப்பட வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் இது இன்னும் முக்கியம்: அந்தத் திட்டப்படி மாற்றப்பட்ட பாடத்துக்குக் கிரெடிற் கிடைக்காமலும் போகலாம். பல்கலைக்கழகக் கதவடியில் போய் நின்று அறிவதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டறிவது நல்லது.

பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, பள்ளிக்கூடத்தில் உள்ள பிள்ளையின் கோவையைப் பார்க்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு.

வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள்

"வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே தமிழைக் கைவிடாதீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்தே இதைப் பற்றி எழுதிவருகிறார். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும்; பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து வருடமோ அதற்கு மேலோ செல்லும். தாய்மொழியில் ஊன்றிய பிள்ளை அந்தத் தூரத்தைக் கடப்பதற்கு அந்த மொழியே கைகொடுக்கிறது. தடக்கித் தடக்கிப் பேசும் ஆங்கிலத்தில் உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கதை சொல்ல முடியாது. தமிழில் முடியும்.

இடைநிறுத்தம் என்று அழைப்பு வந்தால்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து இடைநிறுத்தினால் அதிபர் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். காரணம், எத்தனை நாள், மேன்முறையீடு செய்வது எப்படி என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். இடைநிறுத்தம் தொடங்கி 10 பள்ளி நாட்களுக்குள் மேன்முறையீட்டுக் கடிதம் கொடுக்கலாம். "பிள்ளைதான் பிழை செய்திருப்பான்" என்று நாமே முதலில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். மற்றப் பிள்ளை என்ன செய்தது, யார் பார்த்தார்கள் என்று கேட்பது ஆசிரியரை அவமதிப்பதாகாது. ஊரில் ரீச்சரிடம் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு. இங்கே கேள்வி கேட்காத பெற்றோரை அக்கறையில்லாதவர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடம் காது கொடுக்காவிட்டால்

முதலில் வகுப்பாசிரியர். அடுத்து அதிபர். அதன்பின் கல்விச்சபையின் மேற்பார்வையாளர், சுப்பரின்ரெண்டன்ற் என்பார்கள். ஒவ்வொரு படியிலும் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், பேசியவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கும் முடியாவிட்டால் ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். 2015 முதல் கல்விச்சபைகளும் அந்த அலுவலகத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. கட்டணம் இல்லை.

மனித உரிமைச் சட்டத்தில் மொழி தனியாகக் குறிப்பிடப்படவில்லை. ஆனால் வம்சாவளி, பிறந்த இடம், இனம் என்பவற்றின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்று இருக்கிறது. மொழியைச் சாட்டாக வைத்து அப்படி நடத்தப்பட்டால், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மனித உரிமைச் சட்ட உதவி மையம் இதற்கு இலவசமாக ஆலோசனை தருகிறது.

நமக்கும் ஒரு வகுப்பு

உரைபெயர்ப்பாளர் வருடக்கணக்காகக் கூட வரமாட்டார். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளுக்கும் லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்பு இருக்கிறது. சில இடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் வசதி உண்டு. குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க் கிடைக்காது. அவர்களும் அகதிக் கோரிக்கையாளர்களும் மாகாணம் நடத்தும் வயதுவந்தோருக்கான ஈ.எஸ்.எல். வகுப்புக்குப் போகலாம். எங்கள் மாடிக்கட்டடத்துத் தாய் இப்போது வாரத்தில் இரண்டு நாள் லிங்க் வகுப்புக்குப் போகிறார். பீட்சாப் படிவத்தைத் தானே வாசித்து நிரப்புகிறார். மற்றக் கடிதங்களுக்கு இன்னும் ஆள் தேடுகிறார். அதில் ஒரு குறையும் இல்லை.

இன்று இரவு பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவையும் பாருங்கள். விளங்காத கடிதம் இருந்தால், அதில் உள்ள திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். கையெழுத்து வைக்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். நாளைக் காலை அதைக் கொண்டுபோய் பள்ளிக்கூட அலுவலகத்தில் காட்டித் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.