மேட்டூர் அணைக்கு ஏன் இன்னும் அடிக்கணக்கு?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், சேலம், நாமக்கல் வட்டாரங்களில் செய்தித்தாளைப் பிரிப்பவர் கண்கள் ஒரு சிறு பெட்டிச் செய்தியைத் தேடும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி. நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. பள்ளியில் மீட்டரும் லிட்டரும் கற்ற மாணவன் ஒருவன் இதைப் படித்துவிட்டு, “நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்றே! அணைக்கு மட்டும் ஏன் இன்னும் அடிக்கணக்கு?” என்று கேட்டால் என்ன சொல்வது? நியாயமான கேள்விதான். விடையைத் தேடிப் புறப்பட்டால், அணையிலிருந்து கிணற்றடிக்கும், அங்கிருந்து வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் நிலப் பட்டாவுக்கும் போக வேண்டியிருக்கும்.

ஒரே அளவை வந்த கதை

படி, வள்ளம், பலம், வீசை, மணங்கு என்றெல்லாம் நம் பாட்டனார் காலத்தில் அளந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஊருக்கு ஊர் மாறியது. ஒரு சந்தையில் வாங்கிய தானியத்தை வேறொரு சந்தையில் விற்கப் போனால் கணக்கில் குழப்பம் வரும். இதைப் போக்க 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. உலக அளவில், 1960-இல் கூடிய எடை, அளவைகளுக்கான மாநாடு மெட்ரிக் முறையைச் செம்மை செய்து ‘பன்னாட்டு அலகு முறை’ என்று பெயரிட்டது. 1976-இல் வந்த சட்டமும், அதன் இடத்தில் வந்த 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த முறையையே நம் நாட்டின் அளவையாகக் கொண்டுள்ளன.

இம்முறையின் அடிப்படை அலகுகள் இன்று ஏழு: மீட்டர், கிலோகிராம், வினாடி, ஆம்பியர், கெல்வின், மோல், கேண்டெலா. மற்ற அலகுகள் எல்லாம் இவற்றிலிருந்து பிறப்பவை.

அனுமதி பெற்ற அலகுகள்

இந்த இடத்தில் ஒரு வியப்பு. நாம் நாள்தோறும் கையாளும் நிமிடம், மணி, நாள் ஆகியவை பன்னாட்டு முறையைச் சேர்ந்தவை அல்ல! வினாடி மட்டுமே அம்முறையின் அலகு. பால் அளக்கும் லிட்டரும், நாமக்கல் லாரிகள் சுமக்கும் டன்னும், நிலம் அளக்கும் ஹெக்டேரும், கோணம் அளக்கும் பாகையும் அப்படியே. ஆயினும் இவற்றை விலக்கிவிட முடியாது என்று உணர்ந்த பன்னாட்டு அமைப்பு, ‘எம் முறையோடு சேர்த்துப் பயன்படுத்தலாம்’ என்று இவற்றுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது.

ஏன் விலக்க முடியாது? பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், ஒரு நாளைப் பத்து மணியாகவும், ஒரு மணியை நூறு நிமிடமாகவும் பிரித்துச் சட்டம் செய்து பார்த்தார்கள். மக்கள் ஏற்கவில்லை, 1795-இல் அது கைவிடப்பட்டது. மீட்டரை ஏற்ற அதே மக்கள் பத்து மணி நாளை ஏற்கவில்லை. பழக்கத்தில் ஊறிய அலகை ஆணை ஒன்றால் மட்டும் அகற்ற முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

அனுமதி பெற்ற அலகுகளிடம் ஒரு நற்பண்பு உண்டு. பன்னாட்டு அலகோடு இவற்றின் தொடர்பு மிகத் தெளிவானது. ஆயிரம் லிட்டர் ஒரு கன மீட்டர். ஆயிரம் கிலோகிராம் ஒரு டன். பத்தாயிரம் சதுர மீட்டர் ஒரு ஹெக்டேர். ஒரு நாள் 86,400 வினாடி. அடி, ஏக்கர், குதிரைத் திறன் ஆகியவை இந்த அனுமதிப் பட்டியலில் இல்லை. ஆனாலும் நம்மிடையே உயிரோடு உலவுகின்றன. எப்படி?

மேட்டூரின் கணக்கு

மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. ஒரு கன அடியில் 28.317 லிட்டர் நீர் கொள்ளும். ஆகவே ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர்.

வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஓடும் நீரை ‘கன அடி’ என்றே சுருக்கிச் சொல்கிறோம். அணைக்கு வினாடிக்கு 11,574 கன அடி நீர் நாள் முழுதும் வந்தால், அதை 86,400-ஆல் பெருக்கிப் பாருங்கள். நூறு கோடி கன அடிக்கு மிக நெருங்கிவரும். ஆகவே ஏறத்தாழ 11,600 கன அடி வரத்து ஒரு நாள் நீடித்தால் இருப்பு ஒரு டி.எம்.சி. கூடும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். பாசனத்துக்குத் திறந்துவிடும் நீரை இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கைக் கன மீட்டரிலும் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் இந்த அலகின் வேர் ஒப்பந்தங்களில் இருக்கிறது. சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1924-இல் செய்துகொண்ட காவிரி ஒப்பந்தம் அணைகளின் கொள்ளளவை மில்லியன் கன அடியில்தான் குறித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டுக்கு உரிய அளவாகக் கூறியதும் 177.25 டி.எம்.சி.தான். இதைக் கன மீட்டருக்கு மாற்றினால் ஏறத்தாழ 501.9 கோடி என்று வரும். எளிமைக்காக யாரேனும் 500 கோடி என்று முழுமையாக்கினால் என்ன ஆகும்? குறைந்துபோன 1.9 கோடி கன மீட்டர், டி.எம்.சி. கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. சுமார் 15,500 ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கக்கூடிய நீர் அது! காகிதத்தில் ஒரு சிறு திருத்தம். வயலில் ஒரு பெரும் இழப்பு. வழக்கும் ஒப்பந்தமும் எந்த அலகில் எழுதப்பட்டனவோ, அந்த அலகிலேயே கணக்கும் தொடர்வதன் காரணம் இப்போது விளங்கும்.

கிணற்றடியில்

அணை நீர் எட்டாத மேட்டு நிலங்களில் கிணறே கதி. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. கூலி பேசுவது அடிக்கணக்கில். துளையின் அகலம் அங்குலத்தில். ஆயிரம் அடிக் கிணறு என்றால் ஏறத்தாழ 305 மீட்டர் ஆழம். ஆறரை அங்குலத் துளை 165 மில்லிமீட்டர்.

கிணற்றில் இறக்கும் மோட்டாரின் தகட்டைக் கவனித்தால் இரண்டு எண்கள் தெரியும்: 3.7 கிலோவாட், 5 குதிரைத் திறன். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தின் ஆற்றலைக் குதிரையின் வேலையோடு ஒப்பிட்டுக் காட்ட வகுத்த அலகு இது. ஒரு குதிரைத் திறன் 746 வாட். ஐந்தால் பெருக்கினால் 3,730 வாட். அதுவே தகட்டில் 3.7 கிலோவாட் என்று நிற்கிறது. விவசாயிக்குப் புரிந்த எண்ணும் பொறியாளருக்கு வேண்டிய எண்ணும் ஒரே தகட்டில், தத்தம் அலகின் பெயரோடு! இந்தத் தகடு நமக்கு ஒரு நல்ல பாடம்.

ஏரும் சென்டும்

அந்தப் பாடம் மறந்துபோகும் இடம் நிலப் பட்டா. ஊரில் நிலத்தை ஏக்கர், சென்ட் என்று பேசுகிறோம். நூறு சென்ட் ஓர் ஏக்கர். பட்டாவிலோ பரப்பு ஹெக்டேர், ஏர் என்று குறிக்கப்படுகிறது. இது உழுகின்ற ஏர் அன்று; நூறு சதுர மீட்டர் கொண்ட பரப்பலகு. நூறு ஏர் ஒரு ஹெக்டேர்.

பட்டாவில் 0 - 81.00 என்று இருப்பதாகக் கொள்வோம். நூறு சென்டுக்குப் பழகிய கண் இதை 81 சென்ட் என்று படித்துவிடும். உண்மையில் ஓர் ஏர் 2.471 சென்ட். ஆகவே 81 ஏர் என்பது 200 சென்ட், அதாவது இரண்டு ஏக்கர்! அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போதோ, அவசரத்துக்கு நிலத்தை விற்கும்போதோ இப்படிப் படித்தால் ஓர் ஏக்கர் 19 சென்ட் கணக்கில் காணாமல் போகும். மறுபுறமும் ஆபத்து உண்டு. 50 சென்ட் விற்கப் பேசியவர் பத்திரத்தில் 50 ஏர் என்று எழுதவிட்டால், ஓர் ஏக்கர் இருபத்து மூன்றரை சென்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் ஆவார்.

ஏரைச் சென்டாக்க எளிய வழி: எண்ணை இரண்டரையால் பெருக்கி, நூற்றுக்கு ஒன்று வீதம் குறைத்துக்கொள்ளுங்கள். ‘நாற்பதரை ஏர் ஓர் ஏக்கர்’ என்று மனத்தில் பதிய வைத்தாலும் போதும். துல்லியமான கணக்குக்கு 2.471-ஆல் பெருக்க வேண்டும்.

எரிபொருள் தீர்ந்த விமானம்

அலகை மறந்து எண்ணை மட்டும் பார்க்கும் பிழை படிக்காதவர்க்கே உரியது என்று எண்ண வேண்டாம். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு பெரிய பயணி விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரு எந்திரங்களும் நின்றுபோயிற்று. தேவைப்பட்டது 22,300 கிலோகிராம் எரிபொருள். அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோகிராமுக்கு உரிய எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கு உரிய எண்ணைக் கையாண்டுவிட்டார்கள். விமானத்தில் இருந்தது 22,300 பவுண்டுதான். வேண்டியதில் பாதிகூட இல்லை. விமானி எந்திரமின்றியே விமானத்தை மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானத் தளம் ஒன்றில் இறக்கினார். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

பட்டாவில் நேரும் பிழையும் இதுவேதான். எண் சரி, அலகு தவறு.

இனி, தொடக்கத்தில் கேட்ட மாணவனுக்கு விடை சொல்லலாம். ஒப்பந்தத்திலும் எந்திரத்திலும் மக்கள் பேச்சிலும் வேர்விட்ட அலகுகள் உடனே மறைந்துவிடுவதில்லை. அவை உடன் இருப்பதால் மட்டும் தீங்கில்லை. பெயரில்லாமல் வெறும் எண்ணாக நிற்கும்போதுதான் தீங்கு. இன்று மாலை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் நிலத்தின் பட்டாவையும் பழைய பத்திரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏரைச் சென்டாக மாற்றி இரண்டும் ஒத்து வருகின்றனவா என்று நீங்களே கணக்கிடுங்கள். பள்ளியில் கற்ற பெருக்கல் வீட்டுக்கு உதவும் நாள் அதுவாக இருக்கும்.